மனச்சோர்வும் மூளையின் மூலக்கூறுகளும்

துக்கம் மனித வாழ்க்கையோடு உடன்பிறந்தது. அது வருவதற்கு ஒரு காரணமும் தணிவதற்கு ஒரு காலமும் உண்டு. ஆனால் காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்து கவிந்து, இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நாள் முழுவதும் நீடித்து, முன்பு இன்பம் தந்தவற்றிலெல்லாம் சுவையை அறவே அகற்றி, உறக்கத்தையும் பசியையும் குலைத்து, சிந்தனையின் வேகத்தையும் கைகால்களின் இயக்கத்தையும் மந்தமாக்கி, தான் எதற்கும் உதவாத ஜன்மம் என்ற குற்ற உணர்ச்சியில் மனிதனை ஆழ்த்தி, சில வேளைகளில் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரையில் கொண்டுசெல்லும் ஓர் அவஸ்தையும் உண்டு. வைத்திய சாஸ்திரம் அதைத் துக்கத்தோடு சேர்ப்பதில்லை; பெரும் மனச்சோர்வு நோய் என்று தனியே வகுத்து வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் 28 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மனச்சோர்வுக்கு ஆட்பட்டிருக்கின்றனர். அவர்களுள் ஆண்களைக் காட்டிலும் பெண்களே மிகுதி.

இத்தனை பேரைப் பற்றிக்கொள்ளும் நோய்க்குச் சரீரத்தில் ஒரு ஸ்தானம் இருந்தே தீர வேண்டும் என்ற நம்பிக்கையில், சென்ற எழுபது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் மூளையின் அணுக்களையும் அவ்வணுக்களுக்குள் இயங்கும் மூலக்கூறுகளையும் துருவி ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அந்த ஆராய்ச்சி தொடங்கியபோது, மூளையில் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் குறைந்துவிடுவதே நோய் என்ற எளிய சித்தாந்தம் தோன்றிற்று. பாமர மக்களின் பேச்சில் இன்றும் அதுவே நிலைத்திருக்கிறது. ஆராய்ச்சியோ அதைக் கடந்து வெகுதூரம் வந்துவிட்டது. நரம்பணுக்கள் அனுபவத்துக்கு ஏற்பத் தம் இணைப்புகளைப் புதுப்பித்துக்கொள்ளும் இயல்பான சக்தி தளர்ந்துபோவதுதான் இந்நோயின் மையம் என்பதற்கு இன்று கிடைத்திருக்கும் சான்றுகள் பல. அச்சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்று நிதானமாக விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தற்செயலாய்க் கிடைத்த ஔஷதங்கள்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஓர் அணுவின் நுனியும் அடுத்த அணுவின் கிளையும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நெருங்கி நிற்கும் இடத்தை நரம்புச் சந்தி என்கிறோம். முதல் அணுவில் மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் அதன் நுனியிலிருந்து ஒரு தூதுப்பொருள் சந்தியின் இடைவெளியில் சிந்துகிறது. எதிர்ப்புறத்தில் காத்திருக்கும் ஏற்பிகள் அதைப் பற்றிக்கொண்டு செய்தியை உள்ளே அனுப்புகின்றன. பிறகு அத்தூதுப்பொருளை முதல் அணுவே மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது, அல்லது நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. மூளைத்தண்டில் உள்ள சிறு அணுக்கூட்டங்களில் பிறந்து மூளையெங்கும் கிளை பரப்பும் செரட்டோனின், நாரட்ரினலின் ஆகிய இரண்டும் இத்தகைய தூதுப்பொருள்களே. இவை அமின் என்னும் ரசாயன வகையைச் சேர்ந்தவை. 1948இல் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட செரட்டோனின், மூளையிலும் இருக்கிறது என்பதை 1953இல் பெட்டி டுவாரோக் என்னும் அமெரிக்கப் பெண்மணியும் இர்வின் பேஜும் வெளியிட்டனர்.

இந்த ஆராய்ச்சியின் தொடக்கத்தில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேரை இந்நாட்டு வைத்தியர்கள் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். அவ்வேர் மனப்பிறழ்ச்சியையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பது பற்றி 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். 1949இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வகீல் தம் சோதனைகளைப் பிரிட்டிஷ் இருதய வைத்தியச் சஞ்சிகையில் வெளியிட்ட பின்னர் மேலைநாட்டாரின் கவனம் அதன்பால் திரும்பிற்று. 1952இல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்து ரசாயனிகள் அவ்வேரின் வீரியப் பொருளான ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்துக்காக ரெசர்பின் உட்கொண்டவர்களுள் சிலர் மனம் சோர்ந்து ஒடுங்கிவிடுகின்றனர் என்ற செய்திகள் விரைவிலேயே வரத் தொடங்கின. ரெசர்பின் சரீரத்தில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் செரட்டோனினை வெளியேற்றிக் காலியாக்குகிறது என்பதை 1955இல் பெர்னார்ட் பிராடியும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தபோது, இரண்டு செய்திகளும் ஒன்றாக இணைந்தன: அமின் குறைந்தால் மனம் சோர்கிறது என்ற எண்ணம் பிறந்தது.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு சான்று வந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில் 1952ஆம் ஆண்டளவில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாஸிட் என்னும் புதிய மருந்தைக் கொடுத்தபோது, நுரையீரல் தேறுவதற்கு முன்பே அவர்களுடைய உள்ளம் தேறி உற்சாகம் கொண்டது. அமின்களைச் சிதைக்கும் நொதியை அம்மருந்து தடுத்துவிடுவதை அதே ஆண்டு ஸெல்லர் என்பவர் கண்டார். 1957இல் நாதன் கிளைன் அதை மனச்சோர்வுக்கே உரிய மருந்தாகப் பயன்படுத்தினார். அதே காலத்தில், ஸ்விட்ஸர்லாந்தில் மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மனநோய் மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்பவர், வேறொரு மனநோய்க்கென்று தயாரிக்கப்பட்டு அதற்குப் பயன்படாமல் போன இமிப்ரமின் என்ற பொருள், ஆழ்ந்த சோர்வில் கிடந்தவர்களை எழுப்பி நடமாட வைப்பதைக் கூர்ந்து கவனித்து உலகுக்கு அறிவித்தார். சந்தியில் சிந்திய நாரட்ரினலினை நரம்பு நுனி திரும்ப உறிஞ்சிக்கொள்வதையும், இமிப்ரமின் அவ்வுறிஞ்சலைத் தடுப்பதையும் 1961ஆம் ஆண்டை ஒட்டி ஜூலியஸ் ஆக்ஸல்ராட் விளக்கினார். நரம்புத் தூதுப்பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1970இன் நோபல் பரிசில் அவர் பங்குபெற்றார்.

இவற்றையெல்லாம் ஒருங்கே திரட்டி 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் நாரட்ரினலின் குறைவை முதன்மைப்படுத்தியும், 1967இல் இங்கிலாந்தின் அலெக் காப்பன் செரட்டோனின் குறைவை முதன்மைப்படுத்தியும் எழுதிய கட்டுரைகளால் அமின் சித்தாந்தம் நிலைபெற்றது. ஷில்ட்கிராட் அதை ஒரு தற்காலிகக் கருதுகோளாகவே முன்வைத்தார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. செரட்டோனினின் மறு உறிஞ்சலை மட்டும் தடுக்கும் ஃப்ளூவாக்ஸெட்டின் 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்று, சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியபோது, கருதுகோள் என்ற நிலை மறைந்து, செரட்டோனின் குறைவே மனச்சோர்வு என்பது ஐயத்துக்கு இடமற்ற உண்மைபோல் வழங்கலாயிற்று.

சித்தாந்தத்தின் இடர்ப்பாடுகள்

இந்தச் சித்தாந்தத்தை முதலில் அசைத்தது காலக்கணக்கு. மறு உறிஞ்சலைத் தடுக்கும் மருந்து உட்கொண்ட சில மணி நேரத்திலேயே சந்தியில் தூதுப்பொருள் மிகுந்துவிடுகிறது. ஆனால் நோயாளியின் மனம் தெளிவதற்கு இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. குறைந்ததை நிரப்புவதுதான் சிகிச்சை என்றால், நிரம்பிய பிறகும் இத்தனை நாள் காத்திருப்பானேன்? இந்தத் தாமதத்தின் ஒரு பகுதிக்கு விளக்கம் கிடைத்திருக்கிறது. செரட்டோனின் அணுக்கள் தம் மேனியிலேயே சில ஏற்பிகளை வைத்திருக்கின்றன. செரட்டோனின் மிகுந்தால் அவை அவ்வணுவின் துடிப்பை அடக்கிவிடுகின்றன. மருந்து தொடர்ந்து சில வாரங்கள் கொடுக்கப்பட்டு அந்த ஏற்பிகள் மரத்துப்போன பின்னரே அணு தன் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது. எனினும் தாமதம் முழுவதற்கும் இது விடையாகவில்லை.

இரண்டாவது இடர்ப்பாடு ஒரு நுட்பமான பரிசோதனையிலிருந்து எழுந்தது. செரட்டோனின் தயாராவதற்கு மூலப்பொருள் டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம். அதை மட்டும் நீக்கி ஏனைய அமினோ அமிலங்களைக் கலந்த பானத்தை ஒருவருக்குக் கொடுத்தால் சில மணி நேரத்தில் அவருடைய மூளையில் செரட்டோனின் உற்பத்தி சரிந்துவிடும். நோயற்றவர்களிடம் இவ்வாறு செய்தபோது பெரும்பாலோர் மனச்சோர்வு அடையவில்லை. ஆனால் செரட்டோனின் மருந்தால் குணமடைந்து அம்மருந்தை உட்கொண்டு வந்தவர்களிடம் செய்தபோது, பலருக்குப் பழைய சோர்வு அன்றே தலைகாட்டிற்று; நாரட்ரினலின் மருந்தால் குணமடைந்தவர்களிடம் அது அவ்வளவாக நேரவில்லை. செரட்டோனின் குறைவு தன்னளவில் நோயைத் தோற்றுவிப்பதில்லை என்பதும், அந்த மருந்து வேலை செய்வதற்குச் செரட்டோனின் அவசியம் என்பதும் ஆகிய இரண்டு முடிவுகளும் இதில் அடங்கியிருக்கின்றன.

தொடக்க காலத்துச் சான்றான ரெசர்பின் கதையும் பின்னால் மறுபரிசீலனைக்கு உள்ளாயிற்று. அம்மருந்தால் வந்ததாக எழுதப்பட்ட சோர்வில் பெரும்பகுதி உண்மையான மனச்சோர்வு நோயன்று, வெறும் அசதியும் மந்தமுமே என்று தெரியவந்தது. 2022இல் ஜோனா மான்கிரீஃபும் சகாக்களும் அதுவரை வந்த செரட்டோனின் ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கி, மனச்சோர்வுற்றோரிடம் செரட்டோனின் குறைந்திருப்பதற்கு ஒருமித்த சான்று இல்லை என்று எழுதியபோது பெரும் விவாதம் மூண்டது. அவ்விவாதத்தில் பலர், சித்தாந்தம் தளர்ந்ததால் மருந்தே வீண் என்று தாவிவிட்டனர், அது தர்க்கப்பிழை. சுக்கைக் குழைத்துப் பற்றுப் போட்டால் தலைவலி தணிகிறது. அதனால் தலைவலிக்குக் காரணம் சுக்குக் குறைவு என்று எவரும் கொள்வதில்லை, குறைவு இல்லை என்பதால் பற்று வீண் என்றும் தள்ளுவதில்லை. மருந்து ஏன் பயன்படுகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை தேடி ஆராய்ச்சி சந்தியின் இடைவெளியை விட்டு அணுவின் உள்ளே புகுந்தது.

அணுவின் உள்ளே

ஏற்பி தூதுப்பொருளைப் பற்றியதும் அணுவுக்குள் ஒரு தொடர்வினை தொடங்குகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறு பெருகுகிறது. அது ஒரு நொதியை எழுப்புகிறது. அந்நொதி அணுவின் உட்கருவுக்குள் நுழைந்து கிரெப் என்னும் புரதத்தைத் தூண்டுகிறது. கிரெப் மரபணுக்களின் மீது அமர்ந்து, உறங்கிக் கிடக்கும் சிலவற்றைச் செயற்படச் செய்கிறது. அவ்வாறு எழுப்பப்படும் மரபணுக்களுள் ஒன்று பி.டி.என்.எஃப். என்று சுருக்கமாக வழங்கும் மூளைப் போஷகப் புரதத்தை உண்டாக்குகிறது. 1982இல் ஜெர்மனியில் ஈவ் அலன் பார்டும் ஹான்ஸ் தோனனும் பன்றி மூளையிலிருந்து சுத்திகரித்தெடுத்த இந்தப் புரதம், நரம்பணுக்களை அழியாமல் காக்கிறது. அவற்றின் கிளைகளில், சந்திகள் அமைவதற்கு இடமான முட்கள் என்னும் சிறு புடைப்புகளைப் புதிதாக அரும்பச் செய்கிறது. பயன்படும் சந்திகளை வலுப்படுத்துகிறது. அது பற்றி நிற்கும் ஏற்பிக்கு டிரக்-பி என்று பெயர்.

1995இல் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் டூமனும் சகாக்களும் எலிகளுக்கு மனச்சோர்வு மருந்துகளைப் பல நாட்கள் தொடர்ந்து கொடுத்தும், வேறு சிலவற்றுக்கு மின்னதிர்ச்சி அளித்தும் பார்த்தபோது, வழிமுறையில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இந்தச் சிகிச்சைகள் எல்லாம் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியில் அதே போஷகப் புரதத்தைப் பெருக்குவதைக் கண்டனர். ஹிப்போகாம்பஸ் நினைவாற்றலுக்கும் மன அழுத்தத்தை அடக்குவதற்கும் உரிய ஸ்தானம். 1997இல் டூமனும் ஹெனிங்கரும் நெஸ்லரும் இதை ஒரு முழுமையான சித்தாந்தமாக வடித்தனர்: நீடித்த மன அழுத்தம் போஷகப் புரதத்தைக் குறைத்து, நரம்பணுக்களின் கிளைகளை வாடச் செய்கிறது, சிகிச்சை அதை மீட்கிறது. புதிய புரதம் உருவாகிக் கிளைகள் தழைத்துச் சந்திகள் அமைவதற்கு வாரக்கணக்கில் காலம் பிடிப்பது இயல்பு. அமின் சித்தாந்தத்தை அசைத்த அந்தத் தாமதம் இங்கே சித்தாந்தத்துக்கே துணையாகிவிடுகிறது.

மனித மூளையிலிருந்தும் இதற்கு ஆதரவு உண்டு. உயிருள்ளவர்களின் மூளையைப் படமெடுத்த இவெட் ஷெலைன், மனச்சோர்வுற்ற வரலாறு உடையவர்களின் ஹிப்போகாம்பஸ் சிறுத்திருப்பதை 1996இல் எழுதினார். பின்னர் ஆயிரக்கணக்கானோரின் படங்களைச் சேர்த்து நோக்கியபோதும் அவ்வேறுபாடு நிலைத்தது, அளவில் மட்டும் மிகச் சிறியதாயிற்று. மனச்சோர்வோடு இறந்தவர்களின் நெற்றிப்புற மூளைப் புறணியைச் சோதித்த யேல் ஆராய்ச்சியாளர்கள், அங்கே சந்திகளின் எண்ணிக்கை குறைந்திருப்பதையும், சந்திகளுக்குரிய மரபணுக்களை அடக்கும் காட்டா-1 என்னும் புரதம் மிகுந்திருப்பதையும் 2012இல் வெளியிட்டனர். 2021இல் பின்லாந்தின் ஏரோ காஸ்ட்ரேனும் அவருடைய குழுவினரும், மனச்சோர்வு மருந்துகள் செரட்டோனின் வழியாகச் சுற்றி வராமல் டிரக்-பி ஏற்பியோடே நேரடியாக ஒட்டிக்கொண்டு அதன் வேலையை எளிதாக்குகின்றன என்று காட்டினர். அவர்களுடைய கருத்துப்படி மருந்து மனத்தை மகிழ்விப்பதில்லை. மூளையை மாறத்தக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. எத்திசையில் மாறும் என்பதைச் சூழ்நிலையும் பயிற்சியும் பரிவுமே நிர்ணயிக்கின்றன.

இந்தச் சித்தாந்தமும் குறையற்றதன்று. இன்பத்தையும் வெகுமதியையும் சார்ந்த மூளைப்பகுதிகளில் அதே போஷகப் புரதம் எதிர்மாறாக நடந்துகொள்கிறது. தோல்வியுற்று அஞ்சிய எலியின் அச்சத்தை அங்கே அது ஆழப்படுத்துகிறது என்று நெஸ்லரின் குழுவே 2006இல் கண்டது. ஒரு மூலக்கூறு நல்லதா தீயதா என்று பொதுப்படக் கேட்பது பொருளற்றது. எந்த இடத்தில், எந்த வலைப்பின்னலில் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

அனுபவம் மரபணுவைத் தீண்டும் விதம்

வெளியுலகத்துத் துன்பம் அணுவின் உட்கருவரை எவ்வழியே போய்ச் சேர்கிறது? அபாயத்தை உணர்ந்ததும் மூளையின் அடித்தளத்திலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. 41 அமினோ அமிலங்களாலான அதன் அமைப்பை 1981இல் வைலி வேல் கண்டறிந்தார். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேலமர்ந்த அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, அவை கார்ட்டிசாலை இரத்தத்தில் கலக்கின்றன. கார்ட்டிசால் சரீரத்தைப் போராட்டத்துக்கு ஆயத்தம் செய்கிறது. அதோடு ஹிப்போகாம்பஸில் உள்ள தனக்குரிய ஏற்பிகளை அடைந்து, இனிப் போதும் என்ற அடக்கத்தையும் ஹைப்போதலாமஸுக்கு உணர்த்துகிறது. கடுமையான மனச்சோர்வுற்றோர் பலரிடம் இந்த அடக்கம் தளர்ந்து, கார்ட்டிசால் ஓயாமல் சுரக்கிறது. நெடுநாள் மிகுந்த கார்ட்டிசால் வகை ஹார்மோன் ஹிப்போகாம்பஸின் அணுக்கிளைகளைச் சுருக்கிவிடும் என்பதை 1990ஆம் ஆண்டை ஒட்டி புரூஸ் மெக்கீவனின் ஆய்வுக்கூடம் எலிகளில் காட்டிற்று. அடக்க வேண்டிய உறுப்பே மெலிவதால் சுரப்பு மேலும் ஓங்க, சுரப்பு ஓங்குவதால் உறுப்பு மேலும் மெலியும் விஷச்சுழல் இது.

ஒரே துன்பத்தை இருவர் அனுபவிக்க, ஒருவர் மீள்வதும் மற்றவர் வீழ்வதும் ஏன் என்ற கேள்விக்கு, மாண்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் மோஷே ஸிஃபும் நடத்திய ஆராய்ச்சி ஒரு வழியைத் திறந்தது. தாய் எலிகளுள் சில தம் குட்டிகளை ஓயாமல் நக்கிச் சீராட்டும். சில அவ்வாறு செய்வதில்லை. சீராட்டப்படாத குட்டிகளின் ஹிப்போகாம்பஸில், கார்ட்டிசால் போன்ற ஹார்மோனை ஏற்கும் ஏற்பிக்குரிய மரபணுவின் முகப்பில் மெத்தில் என்னும் சிறு ரசாயன முத்திரைகள் மிகுதியாகப் பதிந்து, மரபணுவை ஒடுக்கிவிடுகின்றன. ஏற்பிகள் குறைந்த அக்குட்டிகள் வளர்ந்த பின்னும் சிறு அச்சத்துக்கே பெரிதும் நடுங்குகின்றன. குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தபோது, பெற்றவளின் குணத்தை விட்டு வளர்த்தவளின் குணத்துக்கு ஏற்பவே முத்திரை அமைந்தது. 2004இல் வெளியான இந்த முடிவுகளைத் தொடர்ந்து, 2009இல் அதே குழுவினர், குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளாகிப் பின்னாளில் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மூளையிலும் அதே மரபணுவில் அதையொத்த முத்திரைகளைக் கண்டனர். பிள்ளைப் பருவத்துப் பயம் வளர்ந்தவனின் மூளையில் ரசாயன எழுத்தாகப் பதிந்து நிற்கக்கூடும் என்பதைவிட மனத்தை உலுக்கும் உண்மை இத்துறையில் வேறில்லை என்றே சொல்வேன். அம்முத்திரைகளை மருந்தால் அகற்ற முடிந்ததும், அகற்றியபோது வளர்ந்த எலியின் நடுக்கம் தணிந்ததும் எலிகளிடம் நடத்திய அந்த 2004 ஆய்வில் காணக்கிடைக்கும் ஆறுதல்.

பிறவியிலேயே வரும் பங்கும் உண்டு. இரட்டையரை ஒப்பிட்ட ஆய்வுகளிலிருந்து, மனிதர்க்கிடையே இந்நோய்க்கான வாய்ப்பில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 37 சதவீதம் மரபுவழிப்பட்டது என்று 2000இல் கணித்தனர். ஆனால் அந்தப் பங்கை ஒற்றை மரபணுவில் தேடியவர்கள் ஏமாந்தனர். 2003இல் நியூசிலாந்தின் டனீடின் நகரத்து இளைஞர்களை ஆராய்ந்து, செரட்டோனினைக் கடத்தும் புரதத்தின் மரபணு குறுகிய வடிவில் உள்ளவர்கள் துன்பத்தில் எளிதில் சோர்வுறுகின்றனர் என்று எழுதப்பட்ட முடிவு மிகுந்த கீர்த்தி பெற்றது. 2019இல் அதையும் அதைப் போன்ற வேறு பதினேழு மரபணுக்களையும் பெரும் ஜனத்தொகையில் சோதித்தபோது அவை தற்செயலாய் எடுத்த மரபணுக்களைவிட மேலானவையாக இல்லை. அதே ஆண்டு எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்த மற்றொரு குழு, நோயோடு சம்பந்தப்பட்ட 102 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிக அற்பம். அவற்றுள் பல நரம்புச் சந்தியின் அமைப்பையும் நெற்றிப்புற மூளையின் செயலையும் சார்ந்தவை என்பது, முன்பகுதியில் சொன்னதோடு இசைந்து வருகிறது.

உடலின் அழற்சியும் உள்ளத்தின் சோர்வும்

ஜுரம் வந்தவன் உண்ண விரும்பாமல், பேச விரும்பாமல், ஒதுங்கிப் படுத்துக்கொள்வதை நாம் எல்லாரும் அறிவோம். நோய்க்கிருமியை எதிர்க்க இரத்தத்தில் பெருகும் சைட்டோகைன் என்னும் புரதங்கள் மூளைக்கும் செய்தி அனுப்புவதே அதற்குக் காரணம். இச்செய்தி நீடித்தால் சோர்வு நோயாகவே முற்றக்கூடும் என்பது, சைட்டோகைன்களுள் ஒன்றான இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவை மருந்தாகக் கொடுத்தபோது தெளிவாயிற்று. 2001இல் தோல் புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், இன்டர்ஃபெரானோடு வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 45 சதவீதத்தினர் மனச்சோர்வுக்கு உள்ளாயினர். முன்கூட்டியே மனச்சோர்வு மருந்து பெற்றவர்களுள் அவ்வாறு ஆனவர்கள் 11 சதவீதத்தினரே.

இதன் ரசாயன வழியும் ஓரளவு புலப்பட்டிருக்கிறது. அழற்சி மிகும்போது ஒரு நொதி கிளர்ந்து, செரட்டோனினுக்கு மூலப்பொருளாகும் டிரிப்டோஃபானைக் கைன்யூரெனின் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அதிலிருந்து மூளையின் காவல் அணுக்களில் குவினோலினிக் அமிலம் பிறந்து, குளுட்டமேட் ஏற்பிகளை அளவுக்கு மீறித் தூண்டி நரம்பணுக்களை வருத்துகிறது. ஆயினும் மனச்சோர்வு முழுவதும் அழற்சியின் விளைவு என்று கொள்வதற்கில்லை. 2013இல் எமரி பல்கலைக்கழகத்தார், மருந்துகளுக்கு வசப்படாத மனச்சோர்வுடைய 60 பேரிடம் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாபைச் சோதித்தபோது, மொத்தத்தில் பயன் ஏதும் காணப்படவில்லை. இரத்தத்தில் அழற்சியின் அறிகுறி உயர்ந்திருந்தவர்களிடம் மட்டும் பயன்படும் சாயல் தெரிந்தது. ஒரே பெயரால் வழங்கும் இந்நோய் பல வழிகளில் வந்து சேர்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கீட்டமின் கற்பித்தது

மூளையில் மிகப் பரவலாக வழங்கும் தூண்டுதல் தூதுப்பொருள் குளுட்டமேட். அதன் ஏற்பிகளுள் ஒன்றை அடைக்கும் கீட்டமின் 1962இல் உருவாக்கப்பட்டு, 1970 முதல் மயக்க மருந்தாக வழங்கிவந்தது. அதை மயக்கம் தராத சிறு அளவில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் அரை மில்லிகிராம் வீதம் நாற்பது நிமிடத்தில் செலுத்தியபோது மனச்சோர்வு விரைந்து தணிவதை யேல் பல்கலைக்கழகத்தார் 2000இல் மிகச் சில நோயாளிகளிடம் கண்டனர். 2006இல் கார்லோஸ் சராத்தேயின் குழுவினர், பல மருந்துகளுக்கும் இணங்காத நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றம் தொடங்கிற்று. ஒரு நாள் முடிவில் 71 சதவீதத்தினர் நன்கு தேறியிருந்தனர். ஒரு வாரம் வரை அத்தேர்ச்சி நிலைத்தவர்கள் 35 சதவீதத்தினர். வாரக்கணக்கில் காத்திருந்து பழகிய துறைக்கு இது பேராச்சரியமாக இருந்தது.

சில மணி நேரத்தில் மூளையில் என்ன மாறக்கூடும்? கீட்டமினால் நெற்றிப்புறப் புறணியில் குளுட்டமேட் பெருகி, எம்டார் என்னும் புரதத் தயாரிப்புப் பாதை விழித்து, புதிய சந்திகள் அரும்புகின்றன என்று 2010இல் டூமனின் குழு எலிகளில் காட்டிற்று. காலவரிசையை இன்னும் துல்லியமாக அறிய, 2019இல் கானர் லிஸ்டனின் குழுவினர் உயிருள்ள சுண்டெலியின் மூளையில் தனித்தனி முட்களையே திரும்பத் திரும்பப் பார்த்துவந்தனர். மன அழுத்த ஹார்மோனால் உதிர்ந்த முட்களுள் பல கீட்டமினுக்குப் பின் பழைய இடத்திலேயே மீண்டும் முளைத்தன. ஆனால் நடத்தையில் தெளிவு முதலிலும், முட்கள் முளைப்பது பின்னரும் நிகழ்ந்தன. புதிய முட்களை அழித்தபோது, தெளிவு நீடிக்கவில்லை. சோர்வு நீங்கத் தொடங்குவதற்குச் சந்திகளின் மீட்சி காரணமன்று, நீங்கிய சோர்வு திரும்பாமல் நிலைப்பதற்கு அது காரணம் என்ற நுண்ணிய வேறுபாடு இதனால் வெளிப்பட்டது. சீனாவில் ஹு ஹைலானின் குழு 2018இல், ஏமாற்றத்தை உணர்த்தும் ஹபெனுலா என்ற சிறு பகுதியின் அணுக்கள் சோர்வுற்ற எலிகளில் வெடிவெடியாகத் துடிப்பதையும், கீட்டமின் அதை அமைதிப்படுத்துவதையும் கண்டது. உடனடித் தெளிவின் ரகசியம் அங்கே இருக்கக்கூடும். கீட்டமினின் ஒரு பாதியான எஸ்கீட்டமின், மூக்கில் தெளிக்கும் வடிவில் 2019இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எனினும் தன்னிலை பிரிந்து நிற்பதுபோன்ற மயக்க உணர்வும், பழக்கத்துக்கு அடிமையாகும் அபாயமும் உடைய மருந்து ஆகையால் வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே அது வழங்கப்படுகிறது.

தொகுத்து நோக்கினால்

இதுவரை கண்டவற்றில், தனித்தனியே எழுந்த ஆராய்ச்சிகள் ஓரிடத்தில் வந்து கூடுவதைக் காண்கிறோம். கார்ட்டிசாலின் மிகுதி, அழற்சியின் செய்தி, பிள்ளைப் பருவத்தின் முத்திரை, பிறவியில் வந்த நூற்றுக்கணக்கான சிறு வேறுபாடுகள் ஆகிய இவை வெவ்வேறு வழிகளில் நெற்றிப்புறப் புறணியையும் ஹிப்போகாம்பஸையும் அடைந்து, நரம்புச் சந்திகளைப் புதுப்பிக்கும் சக்தியைத் தளரச் செய்கின்றன. பயன்படும் சிகிச்சைகளோ, மாத்திரையாயினும் மின்னதிர்ச்சியாயினும் கீட்டமினாயினும், அதே சக்தியை எழுப்பும் தொழிலில் ஒன்றுபடுகின்றன. இது இன்னும் முற்றிலும் நிரூபணமான சாஸ்திரமன்று. சுண்டெலியின் ஒடுக்கத்தை மனிதனின் நம்பிக்கையிழப்போடு ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு. இறந்தவரின் மூளையில் காண்பது காரணமா, நோயின் விளைவா, உட்கொண்ட மருந்தின் விளைவா என்று பிரித்தறிவது கடினம். மனச்சோர்வை உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை கிடையாது. மன அழுத்த ஹார்மோனை அடக்கினால் போதும் என்று பெருநம்பிக்கையோடு உருவாக்கிய மருந்துகள் மனிதரிடம் பயன் தராமல் போனதும் உண்டு. பல வழிகளில் வரும் நோய்க்கு ஒரே மருந்து போதாது என்பதால்தான், முதல் மருந்தில் முழுக்குணம் அடைவோர் மூன்றில் ஒரு பங்கினராக மட்டும் இருக்கின்றனர். முதல் மருந்து பலிக்காதவர்கள் மனம் தளராமல் அடுத்த சிகிச்சைக்குச் செல்ல வேண்டியதன் அவசியமும் இதிலிருந்தே பெறப்படும்.

இந்த அறிவு நம் நடத்தையைத் திருத்தாவிட்டால் அதனால் பயனில்லை. சோர்ந்து கிடப்பவரைப் பார்த்து, மனத்தைத் திடப்படுத்திக்கொள், சோம்பலை விடு என்று நாம் உபதேசிக்கிறோம். திடம் கொள்வதற்கும், நாளையை எண்ணிப் பார்ப்பதற்கும் எந்த நரம்பு வலைப்பின்னல் வேண்டுமோ அதுவே நலிந்திருக்கும் நேரத்தில் அந்த உபதேசம் அவரது குற்ற உணர்ச்சியைத்தான் வளர்க்கும். மறுபுறம், எல்லாம் ரசாயனம் என்று கேட்டுக்கொண்டு, மாத்திரையைக் கையில் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிடவும் ஆராய்ச்சி இடம் தரவில்லை. தாயின் தீண்டல் மரபணுவின் முகப்புவரை எட்டுகிறது. மருந்தால் நெகிழ்ந்த மூளை நல்ல சூழ்நிலையில்தான் நல்ல வடிவம் கொள்கிறது. ஆகவே வைத்தியரின் மருந்தும், மனநல ஆலோசகரின் பேச்சும், வீட்டாரின் பொறுமையும், குழந்தைகளை அடியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் காக்கும் சமூக ஏற்பாடும் ஒரே சிகிச்சையின் அங்கங்கள். ஒன்றை நம்பி மற்றொன்றைக் கைவிடுவது நோயாளிக்கு இழைக்கும் தீங்கு. மூளை மாறவல்லது என்பதே எழுபதாண்டு ஆராய்ச்சியின் சாரமாக இருக்கையில், மனச்சோர்வுற்ற ஒருவரை இனித் தேறமாட்டார் என்று கைவிடுவதற்கு விஞ்ஞானத்திலும் நியாயமில்லை, தர்மத்திலும் நியாயமில்லை.